மாரத்தான் ஓட்டமும் மண்பானையும்

1912-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் நாள். ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. அன்று மாரத்தான் ஓட்டம். உலகின் வடகோடிக்கு அருகில் இருக்கும் அந்த நகரில் கோடைக் காலமும் இதமாகவே இருக்கும். அன்றைக்கு என்னவோ வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. பிற்பகல் வெயிலில் 68 பேர் ஓடத் தொடங்கினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர்தான் ஓடி முடித்தார்கள்.

ஓடத் தொடங்கியவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ லாசரோ. போர்ச்சுகல் நாட்டுக்காரர், லிஸ்பன் நகரில் தச்சு வேலை செய்து பிழைத்தவர். வெயில் தோலைச் சுட்டுவிடக் கூடாதே என்று உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடியதும் சுருண்டு விழுந்தார். மறுநாள் காலை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. நவீன ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடும்போது விழுந்து உயிரிழந்த முதல் வீரர் அவர்தான்.

இன்னொருவர் ஷிசோ கனகுரி என்னும் ஜப்பானிய மாணவர். கப்பலிலும் ரயிலிலும் இரண்டு வாரங்களுக்கு மேல் பயணம் செய்து ஸ்டாக்ஹோம் வந்தவர். பாதி வழிக்கு மேல் ஓடியபின் அவரால் வெயிலைத் தாங்க முடியவில்லை. சாலையோர வீடு ஒன்றின் தோட்டத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்தவர்கள் கொடுத்ததைப் பருகி இளைப்பாறினார். ஓட்டத்தைத் தொடரவில்லை. பந்தயக் குழுவிடம் ஒன்றும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்களின் கணக்கில் அவர் 'காணாமற் போனவர்'! 1967-இல் அவரை மறுபடியும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். முடித்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. 1983-இல், 92-ஆம் வயதில்தான் அவர் காலமானார்.

ஒரே சாலை, ஒரே வெயில். ஒருவர் விழுந்தார், ஒருவர் நின்றுகொண்டார். இவர்கள் உடம்புக்குள் அன்று என்ன நடந்திருக்கும்?

"வெறும் 30 டிகிரிதானே, இதற்கா இவ்வளவு பாடு?" என்று உங்களுக்குத் தோன்றும். நியாயந்தான். சென்னையில் ஜனவரி மாதத்துப் பகல் வெப்பமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. நாம் அதைக் குளிர்காலம் என்கிறோம். சிலர் மப்ளர்கூடக் கட்டிக்கொள்கிறார்கள்! உட்கார்ந்திருப்பவனுக்கு 30 டிகிரி ஒன்றும் பெரிதல்ல. ஓடுகிறவனுக்கு நிலைமையே வேறு. ஏனென்றால் அவன் தனக்குள்ளேயே ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடுகிறான்.

நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். பென்சிலை எடுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால், அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். செலவு 500 கிலோ கலோரி. இதில் கால்களை முன்னே தள்ளுவதற்குப் பயன்படுவது சிறு பகுதிதான். நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 400 கிலோ கலோரி என்று கொள்ளலாம். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடல் ஏறத்தாழ ஒரு 60 வாட் குண்டு பல்பு அளவுக்குத்தான் வெப்பம் வெளியிடுகிறது. ஓடும்போது எட்டு பல்புகள் எரிகின்றன!

இந்த 400 கிலோ கலோரியும் வெளியேற வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? தன்வெப்பம் பற்றிப் படித்திருப்பீர்கள். தண்ணீரின் தன்வெப்பம் 1. மனித உடலின் சராசரித் தன்வெப்பம் ஏறத்தாழ 0.83. ஆகவே 50 கிலோ எடையுள்ள உடலை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 41 கிலோ கலோரி போதும். 400-ஐ 41-ஆல் வகுத்தால் விடை 10-க்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு மணி நேர ஓட்டத்தில் உடல் வெப்பம் 37 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 47 டிகிரிக்குப் போய்விடும். அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. 40 டிகிரியைத் தாண்டும்போதே மூளை தடுமாறலாம். 42-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அரை மணி நேரம் போதும்.

ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் மாரத்தான் ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களே, எப்படி?

வெப்பம் ஒரு பொருளைவிட்டு வெளியேற மூன்று வழிகளைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீசல். மூன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெளியே உள்ளது உள்ளே உள்ளதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்றும் 35 டிகிரி ஆகிவிட்டால் மூன்று கதவுகளும் சாத்திக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கதவு திரும்பித் திறந்து, வெளி வெப்பம் உள்ளே வரும். எஞ்சியிருப்பது நான்காவது வழி ஒன்றுதான். அதை உங்கள் வீட்டு மண்பானை நன்றாக அறியும்.

பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிகிறது; வெளிப்புறத்தில் ஆவியாகிறது; ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலிலும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இதே வேலையைச் செய்கின்றன. நீரின் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 540 கலோரி என்று படித்திருப்பீர்கள். அது 100 டிகிரியில் கொதிக்கும் நீருக்கான கணக்கு. தோலின் வெப்பநிலையில் ஆவியாகும் நீர் இன்னும் சற்று அதிகமாகவே, ஏறத்தாழ 580 கலோரி, எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரி போய்விடும். நம்முடைய 400 கிலோ கலோரிக்கு 700 மில்லிலிட்டர் வியர்வை போதும். மனிதன் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக் கூடியவன். கணக்கு நேராகிவிட்டது, பார்த்தீர்களா?

இப்போது லாசரோவை நினைத்துப் பாருங்கள். மண்பானைக்கு எண்ணெய்ப் பூச்சுப் பூசினால் அதில் ஊற்றிய தண்ணீர் குளிருமா? வெயிலைத் தடுப்பதற்காக அவர் பூசிக்கொண்ட கொழுப்பு, வியர்வை ஆவியாவதையும் தடுத்திருக்க வேண்டும். எட்டு பல்புகளும் உள்ளே எரிந்துகொண்டே இருந்தன.

நம் ஊரில் யாரும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடுவதில்லை. ஆனால் அதே வேலையை நம் கடற்கரைக் காற்று செய்துவிடுகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவது மட்டுப்படும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். தரையில் விழும் துளி உங்கள் உடம்பிலிருந்து எந்த வெப்பத்தையும் கொண்டுபோவதில்லை. "சட்டை பிழியப் பிழிய நனைந்துவிட்டது, நல்ல ஓட்டம்!" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது வீணாய்ப் போன தண்ணீர்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும்படி விடுங்கள். இரண்டையும் நிழலில் மாட்டி, விசிறியால் சிறிது நேரம் விசிறுங்கள். ஈரக் குமிழ் குறைந்த வெப்பம் காட்டும். அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு வியர்வை வேலை செய்யும் என்று பொருள். உள்நாட்டு ஊர் ஒன்றில் வெப்பம் 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் குமிழ் ஏறத்தாழ 23 டிகிரி காட்டும். கடலோர ஊர் ஒன்றில் வெப்பம் 32 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம். அங்கே ஈரக் குமிழ் 29-க்குக் கீழே இறங்காது. எந்த ஊர் ஓடுவதற்குக் கடினம்? சாதாரண வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் தவறான ஊரைச் சொல்வார்!

1950-களில் அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களில் வெயிலால் வீரர்கள் மயங்கி விழுவதைத் தடுக்க ஒரு புதிய அளவை உருவாக்கினார்கள். ஈரக் குமிழின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானிக்குப் பத்தில் ஒரே ஒரு பங்கு. மூன்றையும் கூட்ட வேண்டும். இன்றும் மாரத்தான் நடத்துபவர்கள் பலர், ஓட்டத்தை நடத்துவதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய இந்த அளவைத்தான் பார்க்கிறார்கள்.

உடம்பு பாடம் படிக்கும் இரண்டு வாரம்

சரி, வெயில் ஏறுகிற காலத்தில் பயிற்சியே செய்யக் கூடாதா? செய்யலாம். உடம்பு வெயிலையும் கற்றுக்கொள்ளும். அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த உண்மை விளையாட்டுத் திடலில் தெளிவாகவில்லை; சுரங்கத்தில் தெளிவாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் ஆழமாகப் போகப் போக அங்கே வெப்பமும் ஈரமும் தாங்க முடியாதவை ஆயின. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வெப்பத் தாக்குதலால் இறந்தார்கள். 1930-களிலிருந்து, புதியவர்களைச் சூடான அறைகளில் நாள்தோறும் சிறிது சிறிதாக வேலை வாங்கிப் பழக்கிய பிறகே கீழே அனுப்பினார்கள். சாவுகள் குறைந்தன. தொழிலாளர் மேல் கொண்ட அக்கறையா, வேலை தடைப்படக் கூடாது என்ற கணக்கா என்பது வேறு கதை. ஆனால் உடலியல் அறிஞர்கள் அங்கே கற்றது இன்று ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் உதவுகிறது.

பழகும்போது உடலில் என்ன மாறுகிறது? முதல் வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இது மிகவும் தேவை. வெயிலில் ஓடும்போது இரத்தத்துக்கு இரண்டு எசமானர்கள். தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. தோல், வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் கேட்கிறது. இருப்பதோ ஐந்து லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. இருவரையும் திருப்திப்படுத்த இதயம் மேலும் மேலும் வேகமாகத் துடிக்கிறது. குளிர்ந்த காலையில் எளிதாக ஓடிய அதே வேகம், வெயிலில் மூச்சு முட்டுவது இதனால்தான். இரத்தத்தின் அளவு கூடினால் இதயத்துக்குச் சுமை குறையும். அடுத்து, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் சுரக்கிறது. வியர்வையில் உப்பும் குறைகிறது. சுரப்பிகளே உப்பைத் திரும்ப உறிஞ்சிச் சேமித்துக்கொள்கின்றன. பழகிய ஓட்டக்காரரின் வியர்வை முன்போல் அவ்வளவு கரிக்காது! 10 முதல் 14 நாட்களில் இவையெல்லாம் பெரும்பாலும் நடந்துவிடும். வெயிலைவிட்டு மூன்று நான்கு வாரம் விலகியிருந்தால் கற்றது மறந்தும் போய்விடும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏப்ரல் மாதத்தில் மாரத்தான் நடக்கும். அதற்குப் பயிற்சி செய்பவர்களில் பலர் பனிக்காலம் முழுவதும் கடுங்குளிரில் ஓடிப் பழகுவார்கள். 2012-ஆம் ஆண்டு பந்தய நாளில் திடீரென்று வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. கால்கள் தயார், வியர்வைச் சுரப்பிகள் தயாராக இல்லை! விரும்புகிறவர்கள் அடுத்த ஆண்டு ஓடிக்கொள்ளலாம் என்று பந்தயம் நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அப்படி ஒதுங்கிக்கொள்ள மனம் வருவது எளிதல்ல. மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு அல்லவா?

நம் சென்னையில் ஜனவரியில், பொழுது விடியுமுன் மாரத்தான் தொடங்குகிறது. ஜனவரிக்குத் தயாராக வேண்டுமானால் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே நீண்ட தூரம் ஓடத் தொடங்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு ஓடினால் வெப்பம் குறைவு. ஆனால் ஈரப்பதம் மிக அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். மாலையில் ஈரப்பதம் குறையலாம். தார்ச் சாலை பகல் முழுதும் குடித்த வெயிலைத் திருப்பி உமிழும். எதைத் தேர்ந்தெடுப்பது? நான் காலையைத்தான் சொல்வேன். சூரியனின் நேர் வெப்பம் இல்லாததே பெரிய லாபம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் அவிழ்த்து வைக்க வேண்டியது கைக்கடிகாரத்தை. இதமான நாளில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடியவர், வெயில் ஏறிய நாளிலும் ஆறு நிமிடத்திலேயே ஓடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் எட்டு பல்புகளின் வெப்பமும் எளிதில் வெளியேறாது. முதல் சில நாட்கள் 20, 30 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கூட ஓடும் நண்பனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? வேகம் சரி. சொல் சொல்லாக உடைகிறதா? நடங்கள். நடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் உங்கள் வயதுக்கு உரியதல்ல. பெரும்பாலான பந்தயங்களில் 18 வயது நிரம்பியவர்களையே அந்தத் தூரத்துக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்கள் உண்டு. மேலே சொன்ன கணக்கெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

எவ்வளவு குடிப்பது?

1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில், ஏறத்தாழ 32 டிகிரி வெயிலில், புழுதிச் சாலையில் மாரத்தான் நடந்தது. வழியில் தண்ணீர் கிடைத்தது இரண்டே இடங்களில். தண்ணீர் இல்லாவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்று பார்க்க விரும்பினார் பந்தய அமைப்பாளர்! 32 பேர் தொடங்கினார்கள். 14 பேர் முடித்தார்கள். ஓட்டக்காரன் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற எண்ணம் அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது.

பிற்காலத்தில் ஊசல் மறுபக்கம் போயிற்று. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த மட்டும் குடி என்றார்கள். அதுவும் தவறு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்தில் சோடியத்தின் அளவு இயல்புக்குக் குறைந்திருந்தது. இவர்களில் பலர் ஓடி முடித்தபோது தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தார்கள். இழந்ததற்கு மேல் குடித்துவிட்டார்கள் என்பதே பொருள். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும், உயிரும் போகலாம்.

உங்கள் தேவையை ஒரு தராசு சொல்லிவிடும். ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. ஓடும்போது தாகத்துக்குக் குடியுங்கள். மிச்சத்தை வீட்டுக்கு வந்து, உப்புப் போட்ட நீர்மோரோடு, நிதானமாக ஈடுசெய்யலாம். ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்ததைவிட இன்று உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது. ஒரு டிகிரி சிறிதாகத் தெரியும். ஆனால் கடும் வெப்ப நாட்களின் எண்ணிக்கை அதனால் கூடுகிறது. பந்தயங்களும் இடம் பெயர்கின்றன. 2007-இல் சிகாகோ மாரத்தானை, அக்டோபர் மாதத்து வெயில் தாங்காமல், நடுவிலேயே நிறுத்தினார்கள். 2019-இல் கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவையொட்டித் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை, வெயிலுக்கு அஞ்சி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். 2021-இல் அங்கும் வெயில் துரத்தி வந்தது. பெண்கள் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாக, காலை 6 மணிக்கே தொடங்க வேண்டியதாயிற்று. ஆண்களில் 106 பேர் தொடங்கி, 30 பேர் முடிக்கவில்லை.

இவர்கள் எல்லோரும் உலகின் தேர்ந்த வீரர்கள். நம் தெருவில் ஓடிப் பழகும் எழுத்தரும் ஆசிரியையும் என்ன ஆவார்கள்? சப்போரோவில் வென்ற கிப்சோகே 2 மணி 8 நிமிடத்தில் முடித்துவிட்டார். சாதாரண ஓட்டக்காரருக்கு ஐந்து மணி நேரம் ஆகலாம். காலை நான்கு மணிக்குத் தொடங்கினால் முதல்வர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிடும் நேரத்தில் இவருக்குப் பாதித் தூரம் பாக்கி. எட்டு மணி, ஒன்பது மணி வெயில் அவருக்குத்தான். வெப்பம் கூடும்போது வேகமானவர்களைவிட மெதுவானவர்களே அதிகம் பின்தங்குகிறார்கள் என்று பல மாரத்தான்களின் முடிவுகளை ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள்.

வெப்பம் உடம்பை வெல்லத் தொடங்கினால் அறிகுறிகள் தெரியும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெயிலிலும் ஒரு சிலிர்ப்பு. இவை தோன்றியதும் நிழலுக்குப் போய்விட வேண்டும், கனகுரி போனாரே, அப்படி. அதைவிட மோசமானது பேச்சில் தடுமாற்றம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், தள்ளாடிய நடை. இந்த நிலையில் ஓடுபவருக்குத் தன் நிலை தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். கூட ஓடுபவர் கவனிக்க வேண்டும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது. ஓட்டத்தில் விழுபவர்கள் வியர்த்துக்கொண்டே விழுவதும் உண்டு.

அப்படி ஒருவர் விழுந்தால் 108-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஆனால் வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். குளிர்விக்கும் வேலையை அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே தொடங்க வேண்டும். தொட்டியும் குளிர்ந்த நீரும் இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துங்கள். இல்லாவிட்டால் குடம் குடமாக நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமெரிக்காவில் ஃபால்மத் என்ற கடலோர ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்து வெயிலில் 11 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. அங்கே முடிவுக் கோட்டுக்கு அருகிலேயே மருத்துவக் கூடாரத்தில் ஐஸ் நீர்த் தொட்டிகளைத் தயாராக வைத்திருப்பார்கள். 18 ஆண்டுகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, வெப்பத் தாக்குதலால் விழுந்தவர்கள் 274 பேர். அவர்களின் சராசரி உடல் வெப்பம் 41 டிகிரிக்கும் மேல். 274 பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.